நஜீஸ் இல்லைதான், ஆனால்...



இந்த மாதம் நான் செய்த ஒரு தவறிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். பிறருடைய தவறுகளைச் சுட்டிக்காட்டியே பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் கசப்பான வேலைதான். ஆனாலும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருள் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். என்னிடம் ஓதும் பிள்ளையின் தாய் ஒருவர் வாசலில் காத்திருந்தார். அவருடைய வளவு ஊரின் மேற்குப் பக்கம், வயலோரமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு நெல் ஆலை. அங்கே நெல்லை ஊறவைத்து அவித்துக் குற்றுகிறார்கள். ஊறவைத்த தண்ணீர் திறந்த கானில் விழுந்து, அவருடைய வேலியோரமாக ஓடிப் பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கிறது.

"மௌலவி, அந்தத் தண்ணி நஜீஸா? எங்கட கிணறு கானுக்குக் கிட்டத்தான் இருக்கு. வுழூ எடுக்கலாமா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. நெல் சுத்தமான பொருள், தண்ணீரும் சுத்தமான பொருள், சுத்தமான இரண்டு பொருள்கள் கலந்தால் அது நஜீஸாகாது என்றேன். உங்கள் கிணற்றுத் தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் வுழூவுக்குத் தடை இல்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டேன். கிதாபில் உள்ளதைத்தான் சொன்னேன். சொன்னதில் பிழை இல்லை.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பவும் வந்தார். இந்த முறை முகத்தில் கோபம். "ஒங்கட பேரச் சொல்லித்தான் ஊத்துறாங்க மௌலவி! 'நஜீஸ் இல்லையெண்டு மௌலவியே சொல்லிட்டார், பிறகென்ன?' எண்டு கேக்குறாங்க. நாத்தத்தில சாப்பிட ஏலாம இருக்கு. நுளம்புல பிள்ளைகள் உறங்குறல்ல. நான் கேட்டது ஒண்டு, நீங்க சொன்னது ஒண்டு."

சகோதரிகளே, அவர் சொன்னது உண்மை. அவர் தன் வீட்டின் கஷ்டத்தை வுழூக் கேள்வியாக மாற்றிக் கேட்டிருந்தார். மௌலவியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று எங்கள் பெண்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் அல்லவா? நாற்றத்தையும் நுளம்பையும் பற்றி மௌலவியிடம் என்ன பேசுவது என்று நினைத்திருக்கிறார். நானோ கேள்வியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டேன். பாதிப் பதில் இன்னொருவர் கையில் ஆயுதமாகிவிட்டது.

மீதிப் பதிலைத் தேடிப் படித்தேன், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உம்மும்மாவின் அண்டாவும் ஆலையின் தொட்டியும்

எங்கள் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு வயலும் கடலும் இரண்டு கண்கள். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிச் சேனநாயக்க சமுத்திரத்து நீர் வயல்களுக்குப் பாய்ந்த பின், நெல்லும் நெல் ஆலையும் பல ஆயிரம் குடும்பங்களின் வாழ்வாதாரம் ஆயின. ஆலையை மூடச் சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஆலையில் கூலி வேலை செய்யும் வாப்பாமாரின் பிள்ளைகளும் என்னிடம்தான் ஓதுகிறார்கள்.

நெல்லை அவிப்பதும் நல்ல காரியம். நெல் ஊறி அவியும்போது தவிட்டில் இருக்கும் பி வகை விற்றமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குகிறது. குற்றும்போது அரிசி நொறுங்குவதும் குறைகிறது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட எங்கள் முன்னோர் அனுபவத்தால் அறிந்த விஷயம் இது.

என் உம்மும்மா வீட்டிலேயே நெல் அவிப்பார். பெரிய அண்டாவில் இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துத் தென்னையடியில் ஊற்றுவார். அடுத்த முறை அடுத்த தென்னைக்கு. நாற்றம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதே தண்ணீர்தானே இன்று ஆலையிலிருந்து வருகிறது? பிறகு ஏன் நாறுகிறது?

வித்தியாசம் மூன்று விஷயங்களில் இருக்கிறது: அளவு, இடம், அவகாசம். உம்மும்மா ஊற்றியது இரண்டு மூன்று வாளி. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடம். அடுத்த வாளி வருவதற்குள் மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் முந்திய வாளியைத் தின்று முடித்துவிடும். ஆலையில் அப்படியா? ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகவே தண்ணீர் வேண்டும். ஒரு நாளைக்கு 5,000 கிலோ நெல் அவிக்கும் நடுத்தர ஆலையில் 5,000, 6,000 லீற்றர் கழிவுநீர் வரும். அது தினமும் ஒரே கானில், ஒரே பள்ளத்தில் விழுகிறது. மண்ணுக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

ஒரு லீற்றருக்கு நூற்றிருபத்தைந்து லீற்றர்

நெல் ஊறிய தண்ணீரில் மாவும் சீனியும் புரதமும் கரைந்திருக்கின்றன. எல்லாம் உணவுப் பொருள்தான், விஷம் இல்லை. அந்த உணவைத் தின்ன கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் கூடுகின்றன. தின்னும்போது அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை உறிஞ்சுகின்றன. ஒட்சிசன் தீர்ந்துபோனால் மீன் செத்து மிதக்கும். பிறகு ஒட்சிசன் இல்லாமல் வாழும் வேறு வகைப் பக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளிவிடும் வாயுதான் கூழ் முட்டை நாற்றம்.

கழிவுநீர் எவ்வளவு ஒட்சிசனைக் கேட்கிறது என்பதை விஞ்ஞானிகள் அளந்து பார்க்கிறார்கள். 'உயிர்இரசாயன ஒட்சிசன் கேள்வி' என்று அதற்குப் பெயர். நெல் ஊறிய தண்ணீருக்கு அந்த அளவு லீற்றருக்கு 1,000 மில்லிகிராமை ஒட்டி வருவதுண்டு. நல்ல தண்ணீரில், எங்கள் ஊர் வெப்பத்துக்கு, ஒரு லீற்றரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைந்திருக்கும்.

இனிக் கணக்குப் பாருங்கள். குசினிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய வேலை அல்ல. 1,000ஐ 8ஆல் வகுத்தால் 125. அதாவது, ஆலையிலிருந்து வரும் ஒரு லீற்றர் தண்ணீர் 125 லீற்றர் நல்ல தண்ணீரின் மூச்சைப் பிடுங்கிக்கொள்கிறது. 6,000 லீற்றர் கழிவுநீர் ஒரு சிறிய வடிச்சலில் விழுந்தால் அந்த வடிச்சல் என்னாகும்? சாய்ந்தமருதுத் தோணாவைப் போன்ற ஆழமில்லாத, ஓட்டம் குறைந்த நீர்நிலைகளில் விழுந்தால் என்னாகும்?

எங்கள் நிலத்தின் தன்மையையும் நினைத்துப் பாருங்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் திட்டில் குடியிருக்கிறோம். மணல், மேலே ஊற்றியதை வேகமாகக் கீழே இறக்கிவிடும். கீழே சில அடி ஆழத்திலேயே எங்கள் கிணற்று நீர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது, எத்தனை கிணறுகள் உப்பாகிப் போயின! ஒரு கிணறு கெட்டால் அது திரும்ப எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை எங்கள் பெண்களைவிட யார் அறிவார்கள்? இப்போது குழாய்நீர் இருக்கிறது என்று கிணற்றை மறந்துவிட முடியாது. குழாய் வராத நாளில் வாளி எங்கே போகிறது?

மார்க்கம் என்ன சொல்கிறது?

என் பாதிப் பதிலின் மீதி இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருள் நஜீஸ் இல்லை என்பதற்கும், அதை எங்கே வேண்டுமானாலும் ஊற்றலாம் என்பதற்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. சோறு நஜீஸா? இல்லை. அதற்காக அண்டை வீட்டு வாசலில் பழைய சோற்றைக் கொட்டலாமா?

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் நீர் எடுக்கும் இடங்கள், நடக்கும் பாதை, ஒதுங்கும் நிழல் ஆகியவற்றை அசுத்தப்படுத்துவது சாபத்தைக் கொண்டுவரும் என்று எச்சரித்தார்கள். தானும் தீங்கு செய்யக்கூடாது, தீங்குக்குத் தீங்காலும் பதில் செய்யக்கூடாது என்ற ஹதீஸை எங்கள் இமாம்கள் சட்டத்தின் பெரிய தூண்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய் வந்து கேட்ட நாளில் நான் புரட்டியது தஹாரத்துடைய பாடத்தை. புரட்டியிருக்க வேண்டியது அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய பாடத்தை.

தஹாரத்துப் பாடத்திலும் எங்களுக்கு ஒரு படிப்பினை இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்துக்குக் குறையாத நீர், அதாவது சுமார் 200 லீற்றர், நஜீஸ் கலந்து நிறமோ மணமோ சுவையோ மாறிவிட்டால் அசுத்தமாகிவிடும். அந்த மாற்றம் தானாக நீங்கினால், அல்லது மேலும் தண்ணீர் சேர்ந்து நீங்கினால் அது திரும்பவும் சுத்தமாகும். கஸ்தூரியைப் போட்டு நாற்றம் தெரியாமல் போனால்? குங்குமப்பூவைப் போட்டு நிறம் தெரியாமல் போனால்? சுத்தமாகாது என்கிறார்கள் எங்கள் இமாம்கள். மறைப்பது வேறு, நீக்குவது வேறு.

அரபுக் கல்லூரியில் இருபது வயதில் இதை மனப்பாடம் செய்தேன். இதன் ஆழம் இப்போதுதான் விளங்குகிறது. கானில் பினைல் ஊற்றுவதும் பிளீச்சிங் பவுடர் தூவுவதும் கஸ்தூரி போடுகிற வேலை. கானுக்குக் கொங்கிறீற் மூடி போட்டு, நாற்றத்தை அடுத்த தெருவுக்கு அனுப்புவதும் அதே வேலைதான். கழிவு உண்மையாகவே நீங்க வேண்டும். அதற்கு வழி உண்டா?

உண்டு. அல்லாஹ் அந்த வழியை எங்கள் வயல் வாய்க்காலிலேயே முளைக்க வைத்திருக்கிறான்.

பன்பாயும் பன்புல்லும்

எங்கள் மூத்தம்மாமார் பன்பாய் இழைத்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பன், சம்பு, கோரை போன்ற சதுப்புத் தாவரங்களுக்கு ஒரு விசேடம் உண்டு. மற்றச் செடிகளின் வேர் நாறும் சேற்றில் அழுகிவிடும். இவை அழுகாது. இவற்றின் தண்டுக்குள் சிறு குழாய்கள் போன்ற வெற்றிடங்கள் இருக்கின்றன. இலையிலிருந்து காற்று அந்தக் குழாய் வழியாக வேர் வரை இறங்கும். வேரைச் சுற்றிக் கொஞ்சம் ஒட்சிசன் கசியும். அந்த இடத்தில் நல்ல பக்டீரியாக்கள் குடியேறிக் கழிவைத் தின்னும். கழிவிலுள்ள நைதரசனிலும் பொசுபரசிலும் ஒரு பகுதியை வேர் உறிஞ்சி வளரும்.

இதை முறைப்படி ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். ஜேர்மனியின் ப்ளோன் நகரிலிருந்த மக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் கேத்தே ஸைடல் என்ற விஞ்ஞானி 1950களில் கோரை வகைத் தாவரங்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்தமாக்கிப் பார்த்தார். இன்று உலகின் பல நாடுகளில் வீட்டுக் கழிவு, பாற்பண்ணைக் கழிவு, ஆலைக் கழிவு என்று பலவற்றுக்கும் இந்த முறை பயன்படுகிறது.

எங்களுக்கு அருகிலும் பாருங்கள். கல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் சுமார் 12,500 ஹெக்டெயர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரத்தின் கழிவுநீர் அங்குள்ள குளங்களில் வெயிலாலும் பாசியாலும் சுத்தமாகிறது. அதிலேயே மீன் வளர்க்கிறார்கள். துருபஜோதி கோஷ் என்ற பொறியியலாளர் இதன் அருமையை உலகுக்கு எடுத்துக் காட்டினார். 2002இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் கொழும்பு மாநகரமும் 2018இல் ராம்சார் சதுப்பு நில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. சதுப்பு நிலம் என்றால் மண் போட்டு நிரப்ப வேண்டிய வெற்றுக் காணி என்று நினைக்கும் எங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். கானில் நாலு பன்புல்லை நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆலைத் தண்ணீர் மிகவும் கனமானது. நேராகப் புல்லுக்கு விட்டால் பாத்தி அடைத்துக்கொள்ளும், புல்லும் மடிந்துவிடும். படிப்படியாகவே செய்ய வேண்டும்.

முதலாவது, அடையவிடும் தொட்டி. உமியும் பதரும் மண்ணும் இங்கே அடியில் தங்கும். தண்ணீர் புளித்திருந்தால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, காற்றுப் புகாத மூடிய தொட்டி. இங்கே தண்ணீர் சில நாள் தங்கும். ஒட்சிசன் தேவையில்லாத பக்டீரியாக்கள் கழிவின் பெரும்பகுதியைத் தின்று எரிவாயுவாக மாற்றும். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைகள் நிறைய இருக்கின்றன. நோன்புக் காலத்தில் நாங்கள் பாயாசம் காய்ச்சும் அதே ஜவ்வரிசிதான். மரவள்ளிக் கிழங்குக் கழிவுநீரால் அங்கும் நிலமும் நீரும் கெட்டன. பிறகு பல ஆலைகள் இப்படி மூடிய தொட்டி கட்டி, வரும் வாயுவை ஆலைக்கே எரிபொருளாக எடுத்துக்கொண்டன.

மூன்றாவது, சரளைப் பாத்தி. இரண்டு அடி ஆழத்தில் அடியும் பக்கமும் நீர் கசியாதபடி அமைத்து, கழுவிய சரளைக் கல்லால் நிரப்பிப் பன், சம்பு, கல்வாழை போன்றவற்றை நட வேண்டும். தண்ணீர் ஒரு முனையில் புகுந்து, கல்லிடுக்கில் மெதுவாக ஊர்ந்து மறு முனையில் வெளிவரும். நீர்மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு ஓரிரு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். அப்போதுதான் நாற்றமும் வராது, நுளம்பும் முட்டையிடாது.

நான்காவது, ஒரு சிறிய திறந்த குளம். வெயிலும் காற்றும் பட்டுக் கடைசிச் சுத்தம் இங்கே நடக்கும். இதில் இரண்டு மீனை விட்டு வைத்தால் அவையே காவல்காரர்கள். மீன் செத்தால் முன்னுள்ள படிகளில் எங்கோ பிழை என்று தெரிந்துகொள்ளலாம்.

குளத்தில் ஆற்றுவாழையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதுவும் கழிவை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அது தப்பிப் போனால் வாய்க்கால் முழுவதையும் மூடிவிடும். அதன் தொல்லை தாங்காமல் 1909ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் ஆற்றுவாழைக்கென்று தனியாகச் சட்டம் இயற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர்ச்சஸ்

"இதற்கெல்லாம் காணிக்கு எங்கே போவது?" இதுதான் ஆலை முதலாளிமாரின் முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மையத்துக்கு இடம் தேடுவதே கஷ்டம்.

நாளைக்கு 6,000 லீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். மூடிய தொட்டி தன் வேலையைச் சரியாகச் செய்து கழிவில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிட்டால், மீதிக்குச் சுமார் 200 முதல் 250 சதுர மீற்றர் சரளைப் பாத்தி வேண்டியிருக்கும். அது எட்டிலிருந்து பத்துப் பேர்ச்சஸ். நெல் காயவைக்கும் களத்தோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. இது தோராயக் கணக்கு. ஒவ்வொரு ஆலைக்கும் தண்ணீரை அளந்து, விஷயம் தெரிந்த பொறியியலாளரைக் கொண்டுதான் அமைக்க வேண்டும். ஆனால் முடியாத காரியம் இல்லை என்பதைக் காட்ட இந்தக் கணக்குப் போதும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரின் ஒட்சிசன் கேள்வி பொதுவாக லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆயிரம் எங்கே, முப்பது எங்கே! அந்த இடைவெளியைக் கடக்கத்தான் நான்கு படிகள்.

சுத்தமாகி வரும் தண்ணீரை என்ன செய்வது? வயலுக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். களம் கழுவலாம். இந்த இடத்தில் சிலர் என்னிடம், "மலக்கழிவு கலந்த நீரையும் இப்படிச் சுத்திகரிக்கிறார்களே, அது மார்க்கத்தில் சுத்தமாகுமா?" என்று கேட்பதுண்டு. 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் சபையும், 1989இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹு சபையும் இதை ஆராய்ந்தன. நிறம், மணம், சுவை மூன்றிலும் நஜீஸின் அடையாளம் எதுவும் மிஞ்சாதபடி முழுமையாகச் சுத்திகரித்தால் அது சுத்தமான நீரே என்று முடிவு செய்தன. ஆயினும் குடிப்பதென்றால் உடல்நலத்தைக் கருதித் தவிர்ந்துகொள்வதே நல்லது என்று சவூதி அறிஞர்கள் சேர்த்துச் சொன்னார்கள். எங்கள் பன்புல் பாத்தி அந்த அளவு நுணுக்கமான சுத்திகரிப்பு அல்ல. அதிலிருந்து வருவதைக் குடிக்கவோ வுழூ எடுக்கவோ வேண்டாம். மரத்துக்கு ஊற்றுங்கள்.

உங்கள் குசினிக்குப் பின்னால்

ஆலை முதலாளியை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்துபோக முடியுமா? எங்கள் குசினித் தண்ணீர் எங்கே போகிறது? அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், கறிச்சட்டி கழுவிய எண்ணெய்த் தண்ணீர் எல்லாம் ஒரு குழாய் வழியாகத் தெருக் கானுக்குத்தானே போகின்றன? ஆலையில் நடப்பதன் சிறிய வடிவம் அது.

வளவில் கொஞ்சம் இடம் உள்ளவர்கள் சிறிய பாத்தி ஒன்று அமைத்துப் பார்க்கலாம். கிணற்றிலிருந்து முடிந்தவரை விலகிய இடத்தில் பத்து அடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். எங்கள் நிலம் மணல் என்பதால் தடித்த பொலித்தீன் விரிக்காமல் விடாதீர்கள். குழாய்க்கும் குழிக்கும் நடுவில் மூடியுள்ள ஒரு சிறு தொட்டி வையுங்கள். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அதில் தங்கட்டும். கிழமைக்கு ஒரு முறை அதைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை மறந்தால் பாத்தி அடைத்துக்கொள்ளும். குழியைச் சரளையால் நிரப்பிக் கல்வாழையும் சேம்பும் நடுங்கள். கல்வாழைப் பூ சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும்போது கழிவுநீர்ப் பாத்தி என்று யாரும் நம்பமாட்டார்கள். மறு முனையில் வரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். மலசலகூடத் தண்ணீரை மட்டும் இதில் கலக்காதீர்கள். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

வளவே இல்லாதவர்கள் என்ன செய்வது? சட்டியைக் கழுவுமுன் எண்ணெயைக் கடதாசியால் துடைத்தெடுங்கள். மீன் செதிலைக் கானில் விடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்துக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுங்கள். உம்மும்மா செய்ததும் அதுதான்.

உங்களில் சிலர் ஆலை வைத்திருப்பவர்களின் மனைவிமார், மகள்மார், சகோதரிகள். பள்ளிவாசலில் நான் ஒரு மணித்தியாலம் பேசினாலும் நடக்காத காரியம், இரவுச் சாப்பாட்டில் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வியால் நடந்துவிடும். "நம்மட தண்ணி யாருட வேலியோரம் போகுது?" என்று மட்டும் கேளுங்கள். அது ஹலாலான உழைப்பைக் குறை சொல்வதாகாது. உழைப்பில் அண்டை வீட்டாரின் கண்ணீர் கலக்காமல் காப்பதாகும்.

அந்தத் தாயின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தினர் இருவரோடு ஆலைக்குப் போனேன். "நஜீஸ் இல்லை என்று நான் சொன்னது உண்மை. ஆனால் இந்தத் தண்ணீரை அவருடைய வேலியோரம் விட உங்களுக்கு உரிமை இல்லை என்பதையும் நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை" என்றேன். முதலாளி நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செலவைக் கேட்டார், இடத்தைக் கேட்டார், எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார். இதை எழுதும் நாள் வரை முதலாவது தொட்டி மட்டும் வெட்டிச் சீமெந்து பூசப்பட்டிருக்கிறது. சரளைப் பாத்திக்கு இடம் அளந்து கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறு மட்டும்தான். பாத்தி வரவேண்டும்.

நேற்று அந்தத் தாயைத் தெருவில் கண்டேன். "இன்னும் நாறத்தான் செய்யுது மௌலவி" என்றார். பிறகு, "ஆனா இப்ப ஒங்கட பேரச் சொல்றல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குக் கிடைத்த கூலி இப்போதைக்கு அதுதான். யாராவது உங்களிடம் வந்து ஒரு சின்னக் கேள்வி கேட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய கேள்வியையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியதைப் போல் நீங்கள் தவறிவிட வேண்டாம். எங்கள் கிணறுகளையும் வயல்களையும் தோணாக்களையும் எங்கள் பிள்ளைகளுக்குச் சுத்தமாகக் கையளிக்க அல்லாஹ் எங்களுக்குத் தௌபீக் செய்வானாக.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.